அசனப் பானையில் விழுந்த வெள்ளிக்காசு

மேலகரம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஜெபசிங்குக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம், மஸ்கட்டில் நீயும் சுகமாய் இருக்க ஜெபிக்கிறேன். பத்து நாளாய் விடாத சாரல், துவைத்த துணி காயவில்லை, ஆனால் என் காளான் கொட்டகைக்கு இதைவிட வேறென்ன வேண்டும். போனில் சொன்னால் பாதியில் சிக்னல் இல்லை என்பாய், அதனால்தான் கடிதம், கடைசி வரை படி.

கொட்டகையை மூடுங்கள், ஊர் சிரிக்கிறது என்று போன வாரம் சொன்னாயே, மூடவில்லை, மூடவும் மாட்டேன். உன்னைப் பெற்றபோது என் உடம்பில் ரத்தம் இல்லை என்று பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அது உனக்கு எப்படித் தெரியும். வைக்கோல் ஊறுகிற தண்ணீரில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பை அளவாய்க் கரைத்தால் சிப்பிக்காளான் அதை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் என்று காளான் வளர்ப்புப் பயிற்சியில் மேடம் சொன்னதும் அதனால்தான் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை ரசத்துக்கு உப்புப் போடுகிற மாதிரி கைப்பதத்தில் அள்ளிப்போட்டு நாற்பது வைக்கோல் பையும் ஒரு மொட்டுக்கூட விடாமல் செத்தது, அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இப்போது நகைக்கடைத் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். பரிசோதனைக்கு அனுப்பியதில் மற்றக் காளானைவிட மூன்று பங்கு இரும்பு, சாப்பிட ஏற்றது என்று எழுதிக் கொடுத்தார்கள். மருந்து என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை, கறி என்றுதான் சொல்கிறேன்.

ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற கோயில் அசனத்துக்கு இருபது கிலோ தருகிறேன் என்று நேர்ந்திருந்தேன் அல்லவா, அங்கேதான் வந்தது வினை. நான் உப்பு நிறுத்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு மூக்கம்மாள், பச்சையா என்னத்தையோ கரைச்சு ஊத்துதா என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள். கறி கொதிக்கும்போது உன் சித்தப்பா ஏசுவடியான் வந்து பானைக்குள் ஒரு வெள்ளிக்காசைப் போட்டார், கறுத்தால் விஷமாம். எடுத்தபோது காசு கறுத்துத்தான் இருந்தது. மைனி, இத குழி தோண்டிக் கொட்டிருவோம் என்கிறார், சுற்றி நின்றவர்கள் பானையை விட்டு விலகினார்கள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. அந்தக் காசை வாங்கிச் சாம்பல் போட்டுத் துலக்கி, பிள்ளைகளுக்கு என்று பக்கத்து அடுப்பில் வைத்திருந்த முட்டைக் குழம்பில் போட்டேன். அதிலும் கறுத்தது. பூண்டுக்கும் முட்டைக்கும் வெள்ளி கறுக்கத்தான் செய்யும் அண்ணாச்சிமாரே, அப்போ இதையும் கொட்டுங்க என்றேன். பிறகு ஒரு இலையை விரித்து எல்லார் முன்னாலும் உட்கார்ந்து முதல் ஆளாய்ச் சாப்பிட்டேன். உன் அப்பா அந்த முழங்காலை மடக்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாவதாய் வந்து உட்கார்ந்தது மூக்கம்மாள், நம்பினால் நம்பு. பந்தி முடிவதற்குள் பானை வழித்தாகிவிட்டது.

கை கழுவும்போது உன் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு ஒன்று சொன்னார். கோவப்படாதீங்க மைனி, போட்டுப் பாக்கச் சொன்னது நம்ம ஜெபசிங்குதான், அம்மைட்ட சொல்லாதீங்கன்னும் சொன்னான் என்றார். ஏலே, ஊர் சந்தேகப்பட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், என் கையால் சாப்பிட்டு வளர்ந்த நீ சந்தேகப்பட்டது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் நாளைக்கு இன்னும் அறுபது பை கட்டப்போகிறேன், உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வெயிலில் அலையாதே, ஞாயிறு ஆராதனையை விடாதே, கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது எனக்குச் சேலை, சாமான் எதுவும் வேண்டாம். வெள்ளிக்காசை அங்கேயே வைத்துவிட்டுப் பசியோடு வா.

என்றும் உன் அம்மா,
முத்துசெல்வி