திரும்பி வராத ஜக்கு

ஷஃபான் 8

சோளத்தைக் கழுவி மூலை அறையில் பரப்பி, மேலே ஈரச்சாக்கு போட்டு மூடியாயிற்று. இனி முளை வர வேண்டியதுதான். அடுத்த மாதம் ரமலானுக்கு, நோன்பு திறக்கக் குடிக்கும் ஹிலு-முர் பானம் என் கையால்தான். கடைப் பொடி கிடையாது. அடுத்த வீட்டில் போய் நிற்பதும் கிடையாது.

போன ரமலானை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம். நோன்பு திறக்க ஆண்கள் ரோட்டோரம் பாய் விரிப்பார்கள், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தாம்பாளமும் ஜக்கும் போகும். எல்லா ஜக்கிலும் ஹிலு-முர். நான் பிறந்த ஊரான ஓம்துர்மான் பழக்கத்தில் ஆரஞ்சுப் பொடியைக் கரைத்துக் கொடுத்தனுப்பினேன். போன ஜக்கு போனபடியே திரும்பி வந்தது. இங்கே ஜக்கு காலியாக வந்தால்தான் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மரியாதை. என் மேல் இரக்கப்பட்டு என் வீட்டுக்காரர் முத்தசிம் ஒருவர்தான் குடித்தார். வயிற்றைக் கலக்கிப் படுத்தார், பாவம்.

அடுத்த வீட்டிலிருக்கும் அவருடைய அக்கா சித்தனா அன்றைக்கு எனக்கு வைத்த பெயர் ‘ஆரஞ்சு’. போன வாரக் கல்யாணத்தில்கூட, “ஆரஞ்சு வந்தாச்சா? ஒரு நாற்காலி போடுங்க!” என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

(நேரில் அக்கா. இங்கே வெறும் சித்தனாதான். என் நோட்டு, என் இஷ்டம்.)

ஷஃபான் 11

முளைத்துவிட்டது! சாக்கைத் தூக்கினால் வெள்ளை வெள்ளையாய், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. சித்தனா சோதனைக்கு வந்தாள். ஒரு முளையைக் கிள்ளி மோந்து பார்த்தாள்.

“ம். முளைச்சிருக்கு.”

“ஏன்க்கா, முளைக்காதுன்னு நெனச்சீங்களா?”

“சோளம் தானா முளைக்கும்டி. அதுல உன் சாமர்த்தியம் என்ன இருக்கு? கல்லுல வாக்கற அன்னிக்குப் பாப்போம்.”

பார்க்கட்டும்.

ஷஃபான் 15

மொட்டைமாடியில் காயப்போட்ட முளைச்சோளம் ஏறக்குறைய காய்ந்துவிட்டது என்று நினைத்தேன், தெற்கே வானம் செங்கல் நிறமானது. புழுதிப் புயல். பாயோடு சுருட்டி இழுத்துக்கொண்டு ஓடினேன். கண்ணிலும் வாயிலும் மண். ஆனால் சோளத்தில் ஒரு துளி மண் இல்லை. போட வேறு இடமில்லாமல் எங்கள் கட்டிலில்தான் பரப்பினேன்.

முத்தசிம் வயலிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “நான் எங்க படுக்கறது? சாக்குக்கு அடியிலயா? நானும் முளைச்சிடுவேனே!” என்றார்.

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டது நல்லதுதான்.

ஷஃபான் 19

மில்லில் அரைத்தாயிற்று. இன்று மாவைக் கரைத்து, இஞ்சி, பட்டை, ஏலக்காய், சீரகம், மல்லி, கருஞ்சீரகம் எல்லாம் இடித்துச் சேர்த்துப் புளிக்க வைத்தேன். நாளை மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் கல்லில் தகடு தகடாக வார்க்க வருகிறார்கள். போன ரஜப் மாதத்திலிருந்து அவர்கள் ஒவ்வொருத்தி வீட்டிலும் அடுப்புப் புகையில் உட்கார்ந்து வார்த்துக் கொடுத்தவள் நான். இப்போது என் முறை.

ஷஃபான் 21

இத்ரீஸ் மௌத்தாகிவிட்டார். விடியற்காலைத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தவர், கட்டிலில் உட்கார்ந்தபடியே. இன்னாலில்லாஹி.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. ஒவ்வொரு ரமலானிலும் நோன்பு திறக்கும் மக்ரிப் நேரத்தில் தலைப்பாகையை அவிழ்த்து ரோட்டுக்குக் குறுக்கே பிடித்து, வத் மதனி போகும் பஸ்களை மறிப்பவர் அவர்தான். “நோன்பு திறக்காம என் ஊரைத் தாண்டிருவியா?” என்று டிரைவர்களோடு மல்லுக்கு நிற்பார். அவர் மனைவி பத்தூல் அழக்கூட இல்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் அவளுக்கு.

வார்ப்பது இல்லை. ஹிலு-முர் வார்த்தால் வாசனை தெருவெல்லாம் போகும். பண்டிகை வாசனையைத் துக்க வீட்டுக்கு எவள் அனுப்புவாள்?

ஷஃபான் 22

மாவு பொங்கி வழிகிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

ஷஃபான் 23

இன்றும் துக்க வீட்டில்தான். நடுவில் ஒருமுறை வந்து மாவைக் கிளறினேன். மூக்கில் சுள்ளென்று ஏறியது. நக்கிப் பார்த்தேன் — அல்லாஹ்! பல் கூசுகிறது. பின்னாலேயே சித்தனா.

“போச்சு. கொட்டிடு.”

“கொட்ட மாட்டேன்.”

“ஆடுகூடத் தொடாதுடி இதை. மறுபடி ரோட்டுல எங்க மானம் போகணுமா? இந்த வருஷம் என் வீட்டுதுல கொஞ்சம் தரேன், உன் ஜக்குல ஊத்தி அனுப்பு. யாருக்கும் தெரியாது.”

எனக்குத் தெரியுமே! கொட்ட மாட்டேன், கொட்ட மாட்டேன், கொட்ட மாட்டேன். மண்ணைத் தின்னு காப்பாத்தின சோளம்டி அது. அவ வீட்டுதை என் ஜக்குல ஊத்தணுமாம்! அதுக்கு ஆரஞ்சே மேல்.

அவள் போனபிறகு அழுதேன். பிறகு துக்க வீட்டுக்கே திரும்பிப் போனேன். பத்தூல் என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். மாவு வாசனை போகவில்லை போலிருக்கிறது.

“இன்னும் வாக்கலையா நீ?”

“எப்படிப் பத்தூல்...”

“மௌத் எங்க வீட்டுல. உன் மாவு ஏன் சாகணும்? நாளைக்கு அடுப்பை மூட்டு. அந்த வாசனை வந்தாத்தான் அவருக்கு ரமலான்.” அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இருவரும் சேர்ந்து அழுதோம்.

ஷஃபான் 24

விழித்தபோதே யோசனை வந்துவிட்டது. பேரீச்சம்பழம்! ஒரு கூடைப் பழத்தை ஊறவைத்து, கொட்டை நீக்கி, கூழாகப் பிசைந்து மாவில் கொட்டினேன். புளிப்புக்கு எதிரே நிற்க அதைவிட்டால் யார்?

பெண்கள் வந்தார்கள், சித்தனாவும்தான். பழக்கூழைப் பார்த்ததும் மார்பில் கை வைத்துக்கொண்டாள். “எங்க வீட்டுல ஏழு தலைமுறையா பேரீச்சம்பழம் போட்டதில்ல!”

“இத்தனை நாள் புளிக்க விட்டதும் இல்லையேக்கா.”

“வாய் மட்டும் நல்லாப் புளிச்சிருக்கு.”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கல் காய்ந்தது. முதல் கரண்டியை ஊற்றி ஓலைத் துண்டால் மெல்லிசாக இழுத்தேன். கல்லில் ஒட்டாமல், கிழியாமல், செம்பழுப்புத் தகடாக எழுந்து வந்தது. அந்த வாசனை! எல்லாரும் அடுப்பை நெருங்கி வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி மெதுவாக “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். சித்தனா மட்டும், “நிறம் கறுப்பு” என்றாள்.

முதல் கட்டு பத்தூல் வீட்டுக்குப் போயிற்று.

ரமலான் 1

வெயில் கொளுத்தித் தள்ளியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு தகடுகளை ஊறவைத்து வடிகட்டி, சர்க்கரை, ஐஸ் போட்டு, எங்கள் நீல ஜக்கை நிரப்பி முத்தசிமிடம் கொடுத்தேன். நோன்பு, ருசி பார்க்கவும் முடியாது. பாங்கு சொன்னதும் நான் எனக்கு எடுத்து வைத்ததைக்கூடத் தொடாமல் வாசலிலேயே நின்றேன்.

வந்தார். வெறுங்கையோடு.

“ஜக்கு எங்க?”

“போயிடுச்சு.”

“உடைச்சிட்டீங்களா?”

“இல்லம்மா. இத்ரீஸ் இடத்துல நான் நின்னு ஒரு பஸ்ஸை மறிச்சேன். டிரைவர் இறங்கமாட்டேன்னு ஒரே சண்டை. ஒரு டம்ளர் குடுத்தேன். இன்னொண்ணு கேட்டான். அப்புறம் ஜக்கோட வாங்கி உள்ள இருக்கறவங்களுக்குக் குடுத்தான். நான் தாம்பாளத்தை எடுக்கத் திரும்பினேன், பஸ்ஸு கிளம்பிடுச்சு!”

சுவருக்கு அந்தப்பக்கம் சித்தனா குரல்: “வழியில கொட்டறதுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பான்!”

முத்தசிமுக்குக் கிடைத்தது ஒரு வாய்தானாம். “நல்லாருக்கு” என்றார். ஆரஞ்சையும் நல்லாருக்கு என்றவர் ஆயிற்றே. எப்படி நம்புவது?

ரமலான் 2

இன்றைக்கு எழுத ஒரு பக்கம் போதாது!

மக்ரிபுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் ஹாரன். விடாமல் ஹாரன். முத்தசிம் தலைப்பாகையை அவிழ்க்கவே இல்லை, பஸ் தானாக வந்து நின்றது. வண்டி நிறைய ஆட்கள். முதலில் இறங்கிய டிரைவர் என் நீல ஜக்கைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக் கத்தியது எங்கள் வாசல்வரை கேட்டது: “இது யார் வீட்டு ஜக்குப்பா? நேத்து வத் மதனி போற வரைக்கும் அடிச்சுக்கிட்டாங்க! இன்னிக்கு அதைக் கேட்டு இவங்க எல்லாரும் இங்கதான் நிறுத்தணும்னுட்டாங்க!”

பாயில் இடம் போதவில்லையாம். என் ஜக்கு நிறைந்தும் காலியாகியும் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தது. நான் கரைத்துக்கொண்டே இருந்தேன். தெருக்கோடிப் பெண்கள்கூட வந்து ஐஸ் உடைத்துக் கொடுத்தார்கள். பத்தூல் கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவில் இருக்கிறாள், வெளியே வர முடியாது. தன் வீட்டுப் பாயைக் கொடுத்தனுப்பினாள். இத்ரீஸ் உட்கார்ந்து நோன்பு திறக்கும் பாய்.

ஜெயித்துவிட்டேன். ஆமாம், ஜெயித்துவிட்டேன்! இதை இன்னொருமுறை எழுதினால் என்ன? ஜெயித்துவிட்டேன்.

சித்தனா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் ஜக்கு பாதி திரும்பியது என்று முத்தசிம் சொன்னார். நான் சிரிக்கவில்லை. (கொஞ்சம்.)

ரமலான் 9

சித்தனா வந்தாள், கையில் வெறும் பை. ரியாத்தில் இருக்கும் அவள் மகனுக்கு வருஷா வருஷம் அவள் வார்த்த ஹிலு-முர்தான் போகும். அங்கே போகிற ஒருவர் சாயங்காலம் கிளம்புகிறாராம்.

“உன்னுதுல கொஞ்சம் வையி” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பை நிறைய வைத்தேன். அதற்குள் மகனே போன் செய்துவிட்டான். “பஸ்காரங்க அடிச்சுக்கிட்டது பேரீச்சம்பழம் போட்டதாமே, நம்ம வீட்டுதா அது?” என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது. சித்தனா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

“ஏண்டா, நம்ம வீட்டுல பேரீச்சம்பழம் போடாம எப்படா செஞ்சிருக்கோம்?”