மாமா வூட்டு வாசல்ல ஒரு சொட்டு

பிப். 16, திங்கள்

காலையில பனி. வண்டிக் கண்ணாடி தொடைக்கப் போனேன். பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல, கிரவுன் பல்சக்கரம் சுத்தற உருண்டைக்குக் கீழ, தோசை சைசுக்கு எண்ணெ. தொட்டு மோந்தேன். கியர் ஆயிலு. ஷாஃப்ட் வந்து சேர்ற மூக்குல எண்ணெய நிறுத்தற ரப்பர் வளையம், ஆயில் சீல், போயிடுச்சு.

இன்னிக்கு வேலை:
1. மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை லோடு
2. ஆ.சீல் விசாரிக்க
3. செல்வி ஜாக்கெட், தையக்கடை
4. முடி வெட்ட
மொதலாவது மட்டும் ஆச்சு.

பதினோரு மணிக்கு விழுப்புரத்துலருந்து அக்கா ஃபோன். ரெண்டு வருஷம் கழிச்சு. நெம்பரப் பாத்ததும் யாரு செத்தாங்களோன்னு பயம்.

"ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குக் காது குத்து. மாமன் மடியில வெச்சுத்தான் குத்தணும். நீ வர்றியா, இல்ல வாடகைக்கு ஒரு மாமனப் பாக்கட்டா?"

அவ முடிக்கறதுக்குள்ள வர்றேன்னு ரெண்டு தடவ சொல்லிட்டேன். பாப்பாவ ஒரு வயசுல பாத்தது. இப்ப மூணு.

சண்டை அக்காகூட இல்ல, மாமாகூட. அக்கா புருஷன். மெக்கானிக்கு, கை சுத்தம், வாயி ஜாஸ்தி. இந்தப் பிக்கப்ப செகண்ட் ஹேண்டுல எடுத்து பூஜை போட்ட அன்னிக்கு அத்தன பேரு எதிர்ல சொன்னாரு: "இது வண்டி இல்லடா, எண்ணெ சட்டி." எனக்குக் கோவம். "உங்க வூட்டு வாசல்ல என் வண்டிலருந்து ஒரு சொட்டு உழுந்தா, அதோட அந்தப் படிய மிதிக்க மாட்டேன்"னு சூடம் எரிஞ்சிக்கினு இருக்கச்சொல்லவே சத்தியம் பண்ணிட்டேன். அதோட சரி. அவரும் பேசல, நானும் போவல.

செல்வி, என் பொண்டாட்டி: "பஸ்ல போலாமே."
நான்: "தாய்மாமன் சீரு பஸ்ல போவுமா?"
செல்வி: "வாயக் குடுத்து மாட்டிக்கினது நீ. பஸ்ஸு இன்னா பண்ணுச்சு?"

பிப். 17, செவ்வாய்

அமாவாசை. திண்டிவனத்துல பாதி ஊரு மேல்மலையனூரு கோயிலு பஸ்ல. மெக்கானிக் ஏழுமலை கடையும் பூட்டு. ஃபோன் போட்டா உடுக்கை சத்தம்தான் கேக்குது. "அங்காளம்மனப் பாக்கறதா, உன் சீலப் பாக்கறதா?"ன்னு கத்தறான். சரி, எனக்கும் சேத்து வேண்டிக்கடான்னேன். கேட்டுச்சோ என்னமோ.

ஆ.சீல் வாங்கியாச்சு. முடி வெட்டல.

பிப். 18, புதன்

ஏழுமலை வந்தான். நெத்தி நெறய குங்குமம். ஷாஃப்ட்ட அவுத்து, மூக்கு நட்டக் கழட்டி, பழைய சீல நெம்பி எடுத்து, புதுச தட்டி எறக்கினான். ரெண்டு மணி நேரம். "இனிமே ஒரு சொட்டு வராது. வந்தா என்னக் கேளு."

கீழ அட்டைப்பெட்டிய விரிச்சுப் போட்டேன். சாயங்காலம் வரைக்கும் அட்டை சுத்தம். மனசு குளுந்துடுச்சு. பாப்பாவுக்குப் பச்சைப் பட்டுப்பாவாட எடுத்தோம். அளவு தெரியாம கடைக்காரங்ககிட்ட "மூணு வயசு, மூக்கு எங்க அக்கா மாரி"ன்னு சொன்னேன். மூக்குக்கா பாவாட கட்டப் போறோம்னு செல்வி சிரிக்கிறா.

பிப். 19, வியாழன்

லோடு ஏத்தி ஒலக்கூரு போய்ட்டு வந்தேன். அட்டையில மறுபடி தோசை. இந்தவாட்டி ஊத்தாப்பம்.

ஏழுமலையக் கேட்டேன். கேக்கச் சொன்னவனாச்சே. தலைய சொறிஞ்சிக்கினு "சீலே டூப்ளிகேட்டா இருக்கும்"ன்னான். வேற கடையில வேற சீலு. மறுபடி அவுத்து, மறுபடி தட்டி. சீல் உரசற எடத்துல பள்ளம் கிள்ளம் இருக்குமோன்னு உப்புத்தாளு போட்டும் தேச்சான். பாவம், வேலையில குத்தம் சொல்ல முடியாது.

பேஜாரு புடிச்ச வண்டி. ஆனா என் வண்டி. மாமா சொன்னது பலிச்சுடக் கூடாது.

பிப். 20, வெள்ளி

விக்கிரவாண்டி வரைக்கும் சும்மா ஓட்டிப் பாத்தேன். போவச்சொல்ல ஒண்ணுமில்ல. திரும்பி வந்து நிறுத்தினா சொட்டு. சூடானாத்தான் ஊத்துது. ஆறினா நல்ல புள்ள.

ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டுட்டான். "எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதாண்ணே. வி.புரத்துல உங்க மாமாகிட்ட காட்டுங்களேன். இந்த வண்டில அவரு கில்லாடி." அவன வெட்டறதா குத்தறதா?

சாப்புடப் புடிக்கல. பாப்பா மடியில உக்காராட்டியும் பரவால்ல, அந்தப் படிய மிதிக்கவே முடியாமப் போயிடுமோன்னு இருக்குது. அக்கா வேற வாடகை மாமன்னா. வெளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பா. இருந்தாலும் குத்திச்சு.

செல்வி யோசிச்சு யோசிச்சு சொன்னா: "டயபர் கட்டேன்."
"யாருக்கு?"
"வண்டிக்கு."
திட்டினேன். அப்பறம் போய் வாங்கியாந்தேன். எக்ஸ்ட்ரா லார்ஜ். எத்தினி மாசக் கொழந்தைன்னு கேட்டாரு கடைக்காரரு. வண்டி ஒம்பது வருஷம். சொல்லல.

பிப். 21, சனி

வெயிலு. சீரு பின்னாடி: தட்டு 11, வாழத்தாரு 1, பாவாட, கம்மலு. முன்னாடி செல்வி.

மாமா தெருமொனையில நிறுத்தி, கீழ பூந்து, கிரவுன் மூக்குல ரெண்டு டயபரு வெச்சு சணல் கட்டினேன். குடத்தோட வந்த அம்மா ஒருத்தங்க குனிஞ்சு பாத்துட்டு, "ஏம்பா, வண்டிக்கு வயித்தால போவுதா?"ன்னாங்க. செல்வி எறங்கி நடந்தே போய்ட்டா.

வாசல்ல நிறுத்தினேன். ஒரு சொட்டு இல்ல. படிய மிதிச்சு உள்ள போனேன். அக்கா கையப் புடிச்சுக்கினா, உடல. பாப்பா என்னப் பாத்து ஊரே கேக்கற மாரி அழுதுது. மாமா செவுத்தப் பாத்து "வாங்க"ன்னுட்டு வெளிய போனாரு.

காப்பி பாதி குடிக்கச்சொல்ல வெளியிலருந்து சத்தம்.

"சுமதி! உன் தம்பி வண்டிக்குப் பீத்துணி கட்டிக்கினு வந்திருக்கான்!"

மானம் போச்சு. வெளிய ஓடினேன். மாமா ஏற்கெனவே வண்டிக்குக் கீழ. நானும் அந்தப் பக்கமா பூந்தேன். ரெண்டு பேருக்கும் நடுவுல கிரவுன். அக்கா வெளிய நின்னுக்கினு தூது.

"எத்தினி சீலு மாத்தினான்னு கேளு."
"ரெண்டுன்னு சொல்லுக்கா."
"ஆக்சிலு மேல குட்டியா ஒரு மூடி இருக்குமே, அது எங்கன்னு கேளு."
"அதுல எண்ணெ கசிஞ்சுதுன்னு ஆயுத பூஜைக்கு வண்டி கழுவச்சொல்ல பசை வெச்சு நாந்தான் அடைச்சேன்னு சொல்லுக்கா."

மாமா வெரலால அந்த எடத்தத் தடவிப் பாத்தாரு.

"அடைச்சதும் இல்லாம அது மேல சந்தனம் குங்குமம் வேற வெச்சிருக்கான் சுமதி. அது வண்டி மூச்சு உடற எடம். ஓடி சூடானா உள்ள காத்து ஊதும். மேல வழி இல்லன்னா கீழ சீலப் பிச்சிக்கினுதான் வரும். நூறு சீலு போட்டாலும் வரும். சீலு மேல இன்னா தப்பு?"

அக்கா "ஐயோ பாலு!"ன்னு உள்ள ஓடிட்டா. தூது இல்ல. மாமா உளியால பசைய கொத்த ஆரம்பிச்சாரு. நான் டார்ச்சு புடிச்சேன். பசை பேந்துச்சு. புஸ்ஸுன்னு ஒரு சத்தம்.

"டேய், கண்ண மூடு!"

மூடினேன். சூடா மூஞ்சி பூரா ஆயிலு. ரெண்டு வருஷத்துல என்னப் பாத்து அவரு சொன்ன மொத வார்த்த. கண்ணு மூடிக்கினே கெடந்தேன், தெறக்கப் பயம்.

"கண்ணுல பட்டுச்சாடா?"
"இல்ல மாமா."
"அந்த நீட்டு பைப்ப எடுத்து ஸ்பானருல மாட்டு. நட்ட நீ இழு, நான் புடிச்சுக்கறேன்."

அவரு பட்டறையில கெடந்த பழைய ஆக்சிலுலருந்து ஒரு மூடி கழட்டிப் போட்டாரு. மூணாவது சீலும் அவரு கையால. இருட்டறதுக்குள்ள முடிஞ்சுது. ஆனா மூக்கக் கழட்டச்சொல்ல வாசல்ல கொட்டுனது ஒரு சொட்டு இல்ல, அர லிட்டரு. கோலம் முழுக்க எண்ணெ. எல்லாரும் உள்ள போய்ட்டாங்க. நான் படிக்குக் கீழயே நிக்கிறேன்.

"இன்னாடா?"
"சத்தியம் பண்ணிட்டேன் மாமா. சொட்டு உழுந்துடுச்சு."

எண்ணெயப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. "கழட்டுனது நானு, ஊத்துனதும் நானு. உன் வண்டி ஒண்ணும் ஊத்தல. உள்ள வாடா, கூமுட்ட."

மண்ணெண்ண போட்டு மூஞ்சியத் தொடச்சேன், பாதிதான் போச்சு. பாப்பா எட்டிப் பாத்துட்டு "பூச்சாண்டி"ன்னு கையத் தட்டி சிரிச்சுது. தொட உடல. சிரிச்சதே போதும்.

பிப். 22, ஞாயிறு

அஞ்சரைக்கே கெளப்பிட்டாங்க. அம்மன் கோயிலு. பாப்பாவுக்கு மொட்ட போட்டு, சந்தனம் தடவி, பாவாட ரெண்டு மடிப்பு மடிச்சுக் கட்டியும் தரையில பொரளுது.

ஆசாரி கேட்டாரு, "தாய்மாமன் எங்க?" நாந்தான்னு முன்னாடி போனேன். உக்காந்தேன். அக்கா பாப்பாவத் தூக்கியாந்தா. என் மூஞ்சியப் பாத்துது. பூச்சாண்டிய தேடியிருக்கும் போல. என் மீசையப் புடிச்சு ஒரு இழு. அப்பறம் தொப்புனு மடியில உக்காந்துச்சு.

எம்மாம் சூடு அந்தச் சின்ன ஒடம்பு. ஆசாரி கம்பிய எடுத்ததும் நான் கண்ண மூடிக்கினேன். வீல்னு ஒரு சத்தம். பாப்பா இல்ல, நாந்தான். தண்ணியா ஊத்துது கண்ணுலருந்து, நிக்கல.

மாமா துண்ட எடுத்து என் மூஞ்சிய அழுத்தித் தொடச்சு உட்டாரு. "டேய், காது குத்தறது கொழந்தைக்கு. உனக்கில்ல."

கோயிலே சிரிச்சுது. சிரிக்கட்டும். இன்னொரு காது பாக்கி இருக்குது, ஆசாரி பாப்பாவ உட்டுட்டு என்ன சமாதானம் பண்ணிக்கினு இருக்காரு.