கையைப் பிடுங்காத வாஷர்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. வாதம் வந்து படுத்த இவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. வலது கை மட்டும் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. மருத்துவர் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருக்கிறார். துறைமுகச் சுவரில் நின்று மறுபடி தூண்டில் போட வேண்டுமாம். "அது முடிஞ்சா நான் மனுஷன். முடியலன்னா கட்டில்ல கிடக்கிற மூட்டை" என்கிறார்.

தூண்டில் ரீலுக்குள் இருக்கிற வாஷர் வட்டுகள் தேய்ந்துவிட்டன. கடைக்காரர் கார்பன் போடு என்கிறார், பக்கத்து வீட்டு மெக்கானிக் தோல் போடு என்கிறார். "உன் அக்காவைக் கேளு, அவங்க சொன்னா சரி" என்று இவர் முடித்துவிட்டார். பழைய வட்டுகளை அளவுக்கு அனுப்பியிருக்கிறேன். ரீலைக் கையை விட்டுத் தரமாட்டேன் என்கிறார், குழந்தை மாதிரி.

உன் தங்கை

பிப்ரவரி 11

அன்புத் தங்கச்சிக்கு,

கடைக்காரரையும் மெக்கானிக்கையும் கேட்டுவிட்டு மூன்றாவதாக என்னிடம் வந்திருக்கிறாய். இருக்கட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ரீல் கெட்டால் இந்த ஊரே என் மேசைக்கு முன்னால்தான் வந்து நிற்கிறது. பேத்தி அதைப் பள்ளியில் கட்டுரையாக எழுதிப் பரிசே வாங்கிவிட்டாள்.

மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பு அறாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது இந்த வட்டுகள்தான். தோல் ஈரத்தில் ஊதிவிடும். டெஃப்லான் வழுக்கும், பிடிப்பு போதாது. கார்பன் சூடு தாங்கும். இறுக்கி வைத்துப் பெரிய மீனோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அது. உன் வீட்டுக்காரருக்கு வேண்டியது பலம் இல்லை. மீன் முதல் இழுப்பு இழுக்கும்போது வெடுக்கென்று கையைப் பிடுங்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு ஃபெல்ட், கம்பளி வட்டு. வெட்டி, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து அனுப்பியிருக்கிறேன். பூட்டுவதை அவரே செய்யட்டும். விரலுக்கும் வேலை.

முதல் மீனைத் தூக்கியதும் எனக்கு எழுதச் சொல்.

உன் அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் எழுத வேண்டியதை நான் எழுதுகிறேன்.

வட்டுகளைத் தானே பூட்டினார். ஒரு பகல் முழுக்க ஆயிற்று. "கிரீஸே காணோமே" என்று மெக்கானிக் கேட்டாராம். "அவங்க போடலன்னா வேண்டாம்னு அர்த்தம்" என்று ரீலை மூடிவிட்டாராம் இவர்.

ஞாயிறன்று மெக்கானிக் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். நான் பின்னாலேயே நடந்து போனேன். பழைய கூட்டாளிகள் சுவரில் இடம் விட்டு நின்றார்கள். "வாய்யா, நீ வராம மீனெல்லாம் உடம்பு பெருத்துப்போச்சு" என்றார் ஒருவர். இவர் சிரித்ததைப் பார்த்தேன் அக்கா.

மீன் கடித்தது. நரம்பு போகவே இல்லை. ரீல் அப்படியே கவ்விக்கொண்டு நின்றது. பிறகு ஒரே உதறல். கம்பும் ரீலும் கையை விட்டுக் கடலுக்குள் போய்விட்டன. இவர் வெறும் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இப்போது பந்தைத் தொடுவதில்லை. சாப்பாடு ஒரு வாய், ரெண்டு வாய். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். நாங்கள் என்ன குறை வைத்தோம்? உன் வட்டுகள் வந்தபோது ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. அவர் விரலில் வழுக்குமே என்று சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, பஞ்சு மாதிரிதான் அவர் கையில் கொடுத்தேன். பிறகு ஏன் இப்படி?

உன் தங்கை

மார்ச் 9

தங்கச்சிக்கு,

உறைக்குள் இரண்டு தாள். இது உனக்கு மட்டும்.

நீ கழுவியது அழுக்கு இல்லையடி. கிரீஸ். ஃபெல்ட்டுக்கு உயிரே அதுதான். காய்ந்த ஃபெல்ட் முதலில் கவ்வும், அப்புறம் உதறும். நல்ல கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகும். ஒருத்தி அதை எடுத்துக் கழுவுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவரிடம் சொல்லாதே. தினமும் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவள் நீ, பழி உன் மேல் வேண்டாம். இன்னொரு தாளைப் படித்துக் காட்டு. அப்படி ஒரு வரி இந்தக் கை இதுவரை எழுதியதில்லை.

அக்கா

அன்புள்ள தம்பிக்கு,

வட்டைத் தேர்ந்தெடுத்ததில் நான் தவறிவிட்டேன். கார்பன் போட்டிருக்க வேண்டும். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. பந்தை விடாதீர்கள்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

உன் தாளைப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். "உன் அக்காவா? தப்பா? நான் அவ்வளவு பாவமாயிட்டேனா?" என்றார்.

அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "நான்தாங்க கழுவினேன்" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இடது கையால் என் தலையைத் தடவினார். "முதல்ல அக்கா பழியை வாங்கிக்கிட்டாங்க. அது எடுபடலன்னதும் நீ வாங்கிக்கிறே. அடுத்தது யாரு, மெக்கானிக்கா?" எனக்கு நீ எழுதியதையும் காட்டினேன். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு எழுதுறீங்க" என்று படிக்காமலே திருப்பித் தந்தார்.

கோபமே இல்லை அக்கா. அதுதான் தாங்க முடியவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

என்னைக் காப்பாற்றத்தான் எழுதினாய், தெரியும். ஆனால் அந்தத் தாள் வராமல் இருந்திருந்தால் நான் சொன்னதை நம்பியிருப்பார். என்னைத் திட்டியிருப்பார். திட்டுவதற்காகவாவது எழுந்து உட்கார்ந்திருப்பார்.

வேறு வட்டு எதுவும் அனுப்பாதே. கடிதமும் வேண்டாம். உன் எழுத்தைப் பார்த்தால் அவர் அதே மாதிரி சிரிக்கிறார்.

தங்கை