முழங்கை ஊசியும் அண்ணாவின் மாத்திரையும்

செவ்வாய், இரவு.

என் வீட்டுக்காரர் கல்யாணச் சமையல்காரர். நேற்று இவருடைய ரத்தத்தையே எடுத்து, சுழற்றிப் பிரித்து, வலிக்கிற முழங்கையில் ஊசியாகப் போட்டார்கள். முதலில் வலி கூடும், ஆனால் வலி மாத்திரை ஊசியின் பலனைக் கெடுத்துவிடும், கூடவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இன்று நான் கிழக்கேகோட்டைக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் இவருடைய அண்ணா வந்து மாத்திரை கொடுக்க, இவரும் முழுங்கியிருக்கிறார்!

“அண்ணா ஆசையா தரச்சே வேண்டாம்னு எப்படிடி சொல்றது?”

“ஊசி போட்டது அண்ணாவா, டாக்டரா?”

டாக்டருக்குப் போன் செய்தேன். “சாரமில்லா, இனி கொடுக்கண்டா” என்றார் மலையாளத்தில்; பரவாயில்லை, இனிமேல் கொடுக்க வேண்டாமாம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இவரை மறுபடி திட்ட ஆரம்பித்தேன்.

“வலி கூடினதும் பயந்துட்டேன். இனிமே கரண்டியே பிடிக்க முடியாதோன்னு...” என்றார். கண் கலங்கியிருந்தது.

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? இந்த மனுஷரை இனி எப்படித் திட்டுவது?