தறிச் சத்தமும் இங்கிலீஷ் பரீட்சையும்

என்னங்க,

முசரவாக்கத்தில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. ஆறு மணிக்குள் வந்துவிடுவேன். சாம்பாரைச் சூடுபண்ணிக்கொள்ளுங்கள். யாராவது பட்டு நூல் கொண்டுவந்தால் வாங்கி வையுங்கள், ஈரக் கையால் தொடாதீர்கள்.

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு நீங்கள் எழுதப்போகும் இங்கிலீஷ் பரீட்சையை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. போன வாரம் நான் பக்கத்தில் நெய்துகொண்டிருந்தபோது லிசனிங் பயிற்சியில் நாற்பதுக்கு முப்பத்திரண்டு வாங்கினீர்கள். அப்படியும், "நீ தறி ஓட்டிக்கினே இருந்தா என் காதுல என்னா வுழும்?" என்று கத்தினீர்கள். அந்தக் கோபத்தில் நேற்றுவரை நாலு நாள் நான் தறியில் உட்காரவில்லை. வீடே அமைதி. மார்க் மட்டும் இருபத்தொன்று! அதற்கும் என்னையே முறைக்கிறீர்கள்.

நான் நெய்தால் நீங்கள் பாஸாகி விமானம் ஏறிவிடுவீர்கள். நெய்யாவிட்டால் ஃபெயிலாகி இங்கேயே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பீர்கள். இதில் எதை நான் செய்யவேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

காலையில் நீங்கள் டியூட்டிக்குப் போனதும் அரை மணி நேரம் நெய்து, அந்தச் சத்தத்தைப் பழைய போனில் பதிவுசெய்தேன். போன் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பதிவை ஓடவிட்டுக்கொண்டு இன்றைய பயிற்சியை எழுதிப் பாருங்கள்.

சுகந்தி

சாம்பாரில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லை.

இன்னொன்று. பரீட்சை அறைக்குள் போனை விடமாட்டார்கள் என்பது செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது. அதில் எனக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்றுதான் தெரியவில்லை.