சேதுராமன் மனை

18 பிப்ரவரி 2005, வெள்ளி

காலையிலிருந்து தூறல். மஸ்கட்டின் இந்த ரூவியில் மழை பெய்தால் தெரு முழுக்க விடுமுறை முகம். எனக்குத் துணி காயப்போட இடமில்லை, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் சேது வழக்கம்போல் மதுரைக்குப் போன் போட்டு வீடு கட்டினார். மற்றவர்கள் செங்கல்லால் கட்டுவார்கள். நாங்கள் வெள்ளிக்கிழமைத் தொலைபேசியால் கட்டுகிறோம். பூமி பூஜைக்கு ஸ்பீக்கரில் மந்திரம் கேட்டு, இங்கே சமையல் மேடையில் ஒரு தேங்காய் உடைத்தோம். நாகமலை அடிவாரத்தில் இருக்கும் அந்த மனையை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, காருக்குள் உட்கார்ந்தபடி.

மேஸ்திரி ராக்கப்பன் பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பும் படங்களை, சேது ஆபீஸ் பிரிண்டரில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி எடுத்து வருவார். சாப்பாட்டு மேசையில் விரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அஸ்திவாரக் கம்பிகளைச் சரிபார்ப்பார். இன்று நானும் எட்டிப் பார்த்தேன்.

கம்பிகளுக்குப் பின்னால், குழிச்சுவரில் வட்டமாக ஏதோ. ஒரு பானையின் வாய். கீழே மண்குவியலில் ஓடுகள் — உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு.

எம்.ஏ. வரலாறு முடித்து இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. மாணவிகளுக்கு ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. கண் மட்டும் மறக்கவில்லை போல.

ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

19 பிப்ரவரி

சொல்லிவிட்டேன். முதுமக்கள் தாழி என்றேன். "பூந்தொட்டியா இருக்கும் பாரதி" என்றார். கருவேலங்காட்டில் பூந்தொட்டி!

25 பிப்ரவரி, வெள்ளி

ஸ்பீக்கரில் ராக்கப்பனிடம் நானே கேட்டேன்.

"ஆமா அண்ணி, தாழிதான். ஏழெட்டு இருந்துச்சு. நீங்க பயந்துக்கிருவீகன்னுதான் சொல்லல. ஒடச்சு வண்டிப்பாதையில கொட்டி மெத்திவிட்டாச்சு."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"மண்ணுதேன். கொஞ்சம் எலும்பு. தங்கம் கிங்கம் இல்ல அண்ணி, நானே கையவிட்டுத் தொழாவிப் பாத்துட்டேன்."

சேது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமில்லை. அந்தக் கை துழாவியதை நினைத்துத்தான்.

தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அதற்குப்பின் இருவரும் கத்தினோம். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஜூன் கடைசியில் அவருக்கு அறுபது. விசா ரத்து. இந்த ஃப்ளாட் கம்பெனியுடையது. சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். "சொன்னா வேலைய நிறுத்துன்னு ஒரு போர்டு நட்டுட்டுப் போவான். அவன் திரும்பி வர்றதுக்குள்ள நான் இருக்கேனோ இல்லையோ. நாம எங்க போய் இறங்கறது? அந்தத் தாழிக்குள்ளயா?"



27 பிப்ரவரி

எதிர் ஃப்ளாட் லீமா கிழங்கு அவித்துக்கொண்டு வந்தாள். குளச்சல்காரி, ஆஸ்பத்திரி நர்ஸ். வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, சொடலக்க மேலயா வீடு கெட்டுதிய?" என்றாள். பிறகு தானே, "நைட் டூட்டி பாக்கியவளுக்கு இது ஒரு காரியமா! ஆனா ஒங்க வீட்டுப் பால் காய்ச்சுக்கு மட்டும் நா வரமாட்டேன், கேட்டியளா" என்று கிழங்கைத் தட்டில் போட்டாள்.

சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

1 மார்ச்

ஆபீஸில் என் வேலை, புது வரைபடம் வந்ததும் பழையதில் 'ரத்து' என்று முத்திரை குத்துவது. இன்று குத்திக்கொண்டே இருந்தேன்.

பக்கத்து மேசை கிரேக்கக்காரி ஸ்டமாதியாவிடம் தாழியைப் பற்றிப் பேசினேன். ஆறு வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறோம். இன்றுதான் ஊரைப் பற்றிப் பேசினோம். வேடிக்கைதான். அவளுக்கு ஊர் தீப்ஸ். நான் பாடத்தில் படித்த தீப்ஸ் — ஏழு வாயில்கள், அலெக்சாந்தர் தரைமட்டமாக்கியது. அவள் சொல்லும் ஊரில் வங்கி, செருப்புக்கடை, டிராக்டர் பாகம் விற்கும் கடை. எல்லாம் பழைய கோட்டையின் தலைமேல் உட்கார்ந்திருக்கின்றன. எங்கே கடப்பாரை போட்டாலும் யாராவது ஒரு ராஜா தட்டுப்படுவாராம்.

அவளுடைய அப்பா பள்ளி ஆசிரியர். வீடு கட்டத் தோண்டினார், சுவர் வந்தது, யோக்கியராக அன்றே போய்ச் சொன்னார். தொல்லியல் துறையினர் வந்தார்கள், கம்பிவேலி போட்டார்கள், காசு இல்லை என்று போய்விட்டார்கள். குழி அப்படியே கிடக்கிறது. அத்திமரம் முளைத்துவிட்டது. எதிரில் வாடகை வீட்டில் இருந்தபடி அந்தக் குழியைப் பார்த்துப் பார்த்தே அப்பா செத்தார்.

"பக்கத்து மனைக்காரன் என்ன செய்தான் தெரியுமா? ஈஸ்டர் அன்று ஊரே தேவாலயத்தில் இருந்தபோது கான்கிரீட் கொட்டினான். இன்று மூன்று மாடி. மகள் அதில் பல் வைத்தியம் பார்க்கிறாள். என் பல்லும் அவளிடம்தான்" என்று வாயைத் திறந்து காட்டினாள். பிறகு, "சொல்லாதே, ஜெயபாரதி. ஒருவரிடமும் சொல்லாதே."

'சொல்' என்பாள் என்று எதிர்பார்த்துத்தானே போனேன்? எனக்குத் தேவைப்பட்டது ஒரு சாட்சி. கிடைத்தது எதிர்த்தரப்பு.

9 மார்ச்

துறைக்கு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பவில்லை.

12 மார்ச்

இன்றும் அனுப்பவில்லை.

1 ஏப்ரல், வெள்ளி

தளமட்டம் வரை வந்துவிட்டதாம். சேது சந்தோஷமாக இருக்கிறார், என் முகத்தைப் பார்க்காமல் சந்தோஷமாக இருக்கிறார். வடக்கில் கார் ஷெட்டும் ஒரு அறையும் மட்டும் பாக்கி. அங்கே இனிமேல்தான் தோண்டுவார்கள்.

சமையலறைக்கு என்ன நிற டைல்ஸ் என்றார். எதுவானாலும் சரி என்றேன். அந்தத் தரையில் கால் வைப்பதை நினைத்தாலே உள்ளங்கால் கூசுகிறது. மூடநம்பிக்கை இல்லை இது. நான் கோயிலுக்கே போகாதவள். வேறு என்ன? பெயர் தெரியவில்லை.

பேசாமல் இருப்பது எனக்குச் சுபாவம். எல்லோரும் அதைப் பொறுமை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

26 ஏப்ரல்

ஸ்டமாதியா காலையிலிருந்து கிரேக்க மொழியில் திட்டிக்கொண்டிருந்தாள். மதியம்தான் விஷயம் வந்தது. அவள் அப்பாவின் குழியை இந்த வசந்தத்தில் தோண்டிவிட்டார்கள். ஒரு பெண்ணின் கல்லறை, கையருகே வெண்கலக் கண்ணாடி. மனையை அரசாங்கமே எடுத்துக்கொள்ளப் போகிறது. "நஷ்ட ஈடு என் பேத்தி காலத்தில் வரும். எனக்குப் பேத்தி கிடையாது, மகளே கிடையாது!"

பிறகு கணினியைத் திருப்பிக் காட்டினாள். அவர்கள் ஊரில் ஒரு வழக்கம்: தோண்டிய இடத்துக்கு அறிக்கையில் மனைக்காரரின் பெயரைத்தான் வைப்பார்களாம். அவளுடைய தம்பி அனுப்பிய படத்தில், வேலியில் ஒரு தகடு. அதிலிருந்ததை விரல் வைத்துப் படித்தாள். அப்பா பெயர். மனை.

படித்துவிட்டு மறுபடியும் திட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினாள். நான் எழுந்துபோய் இரண்டு பேருக்கும் டீ போட்டு வந்தேன். எனக்கு அது மட்டும்தான் தெரியும்.

6 மே, வெள்ளி

வடக்குப் பக்கம் தோண்டும்போது ஒரு தாழி உடையாமல் வந்திருக்கிறது. மூடியோடு. ஆட்கள் குழியில் இறங்க மாட்டேன் என்கிறார்களாம்.

"கெடா ஒண்ணு வெட்டணும்கிறாய்ங்கண்ணே. வெட்டுனா மதியமே ஒடச்சு எடுத்துருவோம். கறி போக ஒரு குவாட்டரும் கேக்குறாய்ங்க."

சேது என்னைப் பார்த்தார். "என்ன சொல்லட்டும்?"

"கிடாவும் வேண்டாம். தோண்டவும் வேண்டாம்."

"மொதல்ல படத்த அனுப்பு ராக்கப்பா" என்று வைத்துவிட்டார்.

7 மே, சனி

படத்தைப் பெரிதாக்கி எடுத்து வந்தார். மேசையில் விரித்தார். நான் அடுப்படியிலேயே நின்றேன். இன்னொரு சண்டைக்கு உடம்பில் தெம்பில்லை.

சாதம் வடித்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காகிதத்தின்மேல் குனிந்து, தாழியின் அடிப்பகுதியில் விரலை வைத்திருந்தார்.

"இங்க வா. இது என்ன?"

தாழிக்கு அடியில் வெளிர் நிறத்தில் ஒரு பட்டை. சுற்றிலும் செம்மண், அது மட்டும் வேறு.

"மணல்" என்றேன்.

"மணல்தான். ஆத்துமணல். அந்த மேட்டுல ஏது ஆத்துமணல்? சுமந்து கொண்டுவந்திருக்கான். பெட்டிங் போட்டிருக்கான் பாரதி!"

முப்பது வருஷமாக இந்த மனிதர் மஸ்கட்டின் கழிவுநீர்க் குழாய்களைப் பதித்தவர். குழாயை இறக்கும் முன் அடியில் மணல் மெத்தை போடாததற்காகத் தினமும் யாரையாவது திட்டிவிட்டு வருவார். மணல் இல்லையென்றால் மேலே பாரம் ஏறும்போது விரிசல் விடும் என்று எங்களுக்குக் கல்யாணமான புதிதில் எனக்கே வகுப்பு எடுத்தவர்.

ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார். "ஒரு நூல் சாயல. எத்தன வருஷம் இருக்கும்?"

"ரெண்டாயிரம். கூடவும் இருக்கலாம்."

"என் பசங்க போட்டது ரெண்டு வருஷத்துல சாயுது" என்றார்.

சாப்பிடாமலே போனை எடுத்தார். "ராக்கப்பா, குழியில ஒருத்தரும் எறங்க வேண்டாம். தார்ப்பாய் போட்டு மூடு... ஆமா, வேலைய நிறுத்து... எல்லாத்தையுந்தான்."

அவர் காகிதத்தைச் சுருட்டினார், மறுபடியும் விரித்தார். "நீ எழுதி வெச்சிருந்தியே, அது இருக்கா?"

8 மே

அனுப்பினோம். உடைத்துப்போட்டவற்றையும் சேர்த்தே எழுதச் சொன்னார். "பொருள்" என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார். நான் யோசிக்காமல் தட்டினேன்: சேதுராமன் மனை, நாகமலை அடிவாரம். ஏன் என் பேர் என்றார். ஸ்டமாதியாவின் தகட்டைப் பற்றிச் சொன்னேன். "ஜெயபாரதின்னு போட்டா அழகா இருக்கும்" என்றார். ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

2 ஜூன்

துறையிலிருந்து இருவர் வந்து பார்த்தார்களாம். அளந்தார்கள். போர்டு நட்டார்கள். போய்விட்டார்கள்.

24 ஜூன், வெள்ளி

வெளியே அனல். வீட்டுக்குள் எட்டு அட்டைப்பெட்டிகள். கார்கோக்காரன் வந்து நிற்கிறான், "ஜல்தி, பாய், ஜல்தி" என்கிறான். எல்லாப் பக்கமும் பெயர், முகவரி எழுத வேண்டும் என்பது அவன் விதி.

லீமா கடைசி வேளைக்கு மீன்குழம்பு கொண்டுவந்தாள். "எங்க போய் எறங்குதிய அக்கா?" என்றாள். வாடகைக்குப் பார்க்கிறோம் என்றேன். "அப்ப பால் காய்ச்சுக்கு நா வருவேன்" என்றாள்.

சேது தடித்த மார்க்கரை எடுத்து முதல் பெட்டியின் முன் குந்தினார். நாகமலை என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எஸ். சேதுராமன் என்று எழுதினார். கீழே முகவரிக்கு மூன்று வரி இடம் விட்டு, ராக்கப்பனின் தொலைபேசி எண்ணை எழுதினார். பிறகு பெட்டியைத் திருப்பி, அடுத்த பக்கத்திலும் அப்படியே.