மஞ்சள் குடைக்குப் பின்னால்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் வாலு எழுதுகிறேன். பெரியண்ணியின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும், அடிக்கடி நின்றுபோகும் உங்கள் லிஃப்ட்டும் நலமா?

போனிலேயே சொல்லக்கூடாதா என்பீர்கள். நம் வீட்டுப் போனைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? பெரியண்ணன் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து மேஜையில் வைத்துவிடுவார். நான் தும்மினால்கூடக் குடும்பமே சேர்ந்து மருந்து சொல்லும். அதனால்தான் கடிதம்.

பள்ளிக்கூடத்தில் செய்முறைத் தேர்வுகள் முடிகின்றன. லேபில் சோதனைக் குழாய் கழுவிக் கழுவிக் கை வெளுத்துப்போனவளுக்கு ஒரு வாரம் லீவு கொடுத்திருக்கிறார்கள். பிப்ரவரியில் உங்களிடம் வருகிறேன். ஊர்சுற்றிப் பார்க்கப் போகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியாயிற்று. உண்மையை உங்களிடம் மறைக்க எனக்கு வரவில்லை. பெரியண்ணன் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். "போகும்போது காலியா போகட்டும், வரும்போது அவ சாமானோட வரும்" என்கிறார். எனக்குப் போக ஒரு டிக்கெட், வர ரெண்டு டிக்கெட். அதுதான் உத்தரவு.

சின்னண்ணன் இறந்துபோன பிறகு, தோழி வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினீர்கள். நாலு வருஷம் ஓடிவிட்டது. அங்கே தெருத் தெருவாகக் குடை பிடித்துக்கொண்டு ஊரைக் காட்டுகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து பெரியண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. "நம்ம வீட்டுப் பொண்ணு நடுத்தெருவுல நிக்கணுமா?" என்கிறார்.

எனக்கும் நீங்கள் வரவேண்டும் என்றுதான் ஆசை. இந்த வீட்டில் என்னோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தது நீங்கள் ஒருத்திதான்.

என்றும் உங்கள்
வாலு


ஜனவரி 26

என் அருமை வாலுவுக்கு,

உன் கடிதத்தை லிஃப்ட்டில் படித்தேன். என் மாடி வந்ததும் இறங்க மறந்து மேலே போய்க் கீழே வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தாராளமாக வா. அறை சிறியது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டில் கிடப்பதால் கதவு பாதிதான் திறக்கும். மூச்சை இழுத்துப் பிடித்து உள்ளே நுழையவேண்டும். உன் பெரியண்ணன் கொடுத்தனுப்பும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

இந்தப் பேட்டையில் எள் போட்டால் எள் விழாது. கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டைமாடியில் யாராவது ஒருத்தர் பாடிக்கொண்டிருப்பார். ஜன்னலுக்கு ஜன்னல் கழியில் துணி காயும். தலையில் சொட்டு விழுந்ததும் பயணிகள் மழை என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். பார்த்தால் யாரோ ஒருவருடைய சட்டையாக இருக்கும். மீன்தொட்டிக் கடைகள் மட்டுமே உள்ள சந்து ஒன்று இருக்கிறது. ராஜா ராணி வேஷம் கட்டிப் படம் எடுக்கும் ஸ்டூடியோ இருக்கிறது. நடந்து களைத்தவர்களுக்குப் பாதம் பிடித்துவிடும் கடை வரிசையாக இருக்கிறது. துறைக்குப் போனால் படகு. அக்கரைக்குப் போய் நின்று இக்கரையைப் பார்த்தால், நாமா இத்தனை நெரிசலில் இருந்தோம் என்று நம்பமுடியாது.

நான் வேலைக்குப் போகிற நாளில் நீயும் குழுவோடு வா. ஆனால் "அண்ணி, அண்ணி" என்று முந்தானையைப் பிடித்து இழுக்கக்கூடாது. காசு கொடுத்து வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். பயணிகளோடு பயணியாக வா. கூட்டத்தில் என் தலை தெரியாது. என்னைப் பார்க்காதே, என் மஞ்சள் குடையைப் பார். மற்ற வழிகாட்டிகளும் குடை பிடிப்பார்கள். என்னுடையதன் நுனியில் பச்சை ரிப்பன் கட்டியிருக்கும். அது போகிற இடத்துக்கு நீ போ. இதுதான் என் தொழிலின் முதல் பாடம், முழுப் பாடமும் அதுதான்.

அந்த இன்னொரு விஷயம். எனக்கு வர விருப்பமில்லை, வாலு. தாளில் எழுத முடிகிறது. நீ என் முகத்தைப் பார்த்து "வாங்க அண்ணி" என்று கூப்பிட்டால் இல்லை என்று சொல்ல என் நாக்கு எழாது, கிளம்பி வந்துவிடுவேன். எனக்குப் பயமெல்லாம் அதுதான். அதனால் வந்ததும் வராததுமாகக் கேட்டுவிடாதே. முதலில் ஊரைப் பார்.

அக்காவின் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது. வாங்கி வைக்கிறேன்.

உன்
அண்ணி


மார்ச் 2

அடி வாலு,

"அன்புள்ள" போடவில்லை, கோபம் இன்னும் ஆறவில்லை. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று தெரிந்தது. சந்தோஷம். இப்போது நிதானமாகத் திட்டுகிறேன், உட்கார்ந்து கேள்.

நடந்தது இதுதானே? மீன்தொட்டிச் சந்துக்குள் நுழைந்ததும் தூறல் போட்டது. நம் குழுவில் இருந்த அந்த வயதான தம்பதி, கால் வலிக்கிறது, இனி நாங்களே மெதுவாகச் சுற்றிக்கொள்கிறோம் என்றார்கள். அந்த அம்மாள் அன்றைக்குத்தான் தலைமுடியைச் சுருட்டிவிட்டு வந்திருந்தார். நனையவிட எனக்கு மனசு வரவில்லை. என் குடையைக் கொடுத்து, சாயங்காலம் ஆபீஸில் சேர்த்தால் போதும் என்றேன். பிறகு கையில் இருந்த பேப்பரைச் சுருட்டித் தூக்கிப் பிடித்து, "இனிமே எல்லாரும் இதைப் பாருங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எல்லோருக்கும் கேட்டது. கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

நாற்சந்தியில் தலை எண்ணினேன். ஒன்று குறைந்தது. உன் போன் என் அறையில் சார்ஜில் படுத்துக்கிடந்தது. குழுவை இன்னொரு வழிகாட்டியின் தலையில் கட்டிவிட்டு ஓடினேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் ஓடினேன். மீன் சந்து, துணி சந்து, பூக்கடைத் தெரு, காவல் சாவடி, மறுபடி மீன் சந்து. மஞ்சளாக எது தெரிந்தாலும் அதன் பின்னால் ஓடினேன். உன் சின்னண்ணனை ஆஸ்பத்திரியில் வைத்துப் பறிகொடுத்தபோதுகூட எனக்கு இப்படி ஓடத் தோன்றவில்லை. அன்றைக்கு ஓட இடமில்லை. இவளையும் தொலைத்துவிட்டேனே என்று நினைத்ததும் பூக்கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆபீஸ் வாசலில் பச்சை ரிப்பன் ஆடிக்கொண்டு வருகிறது. குடைக்கு அடியில் அந்தத் தம்பதி. நடுவில் நீ, கையில் ஐஸ்கிரீம்! முதுகில் ஒன்று போட்டேனே, வலித்ததா? வலித்திருக்கட்டும். கட்டிப்பிடித்து அழுததற்கும் அதற்கும் சரியாகப் போயிற்று.

நல்லவேளை, வேலை போகவில்லை. மேலாளர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உங்க நாத்தனார் மாதிரி சொன்ன பேச்சு கேக்குற பயணி கிடைக்கமாட்டாங்க" என்று சிரித்தார்.

இப்போது கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். நீ இருந்த அத்தனை நாளும் நான் அந்தக் காலிப் பெட்டிக்கு மேலேதான் படுத்தேன். தூக்கமா வரும்? இன்றைக்குக் கேட்பாய், நாளைக்குக் கேட்பாய் என்று புரண்டுகொண்டே கிடந்தேன். விமான நிலையத்தில்கூட நீ வாயைத் திறக்கவில்லை. கை அசைத்தாய், போய்விட்டாய். வீட்டில் என்ன சொன்னாய்? போன வாரம் போனில் உன் பெரியண்ணன் "சௌக்கியமா?" என்றதோடு நிறுத்திவிட்டார். ஸ்பீக்கரில் எல்லோருடைய மூச்சும் கேட்டது, பேச்சுதான் வரவில்லை. பெரியவருக்கு என்மேல் கோபமா? அவரே கிளம்பி வருவாரா? எதுவானாலும் எழுது. தெரியாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

உன்
அண்ணி


மார்ச் 19

என் அன்பு அண்ணிக்கு,

முதுகு நலம். நீங்கள் நிம்மதியாக மூச்சுவிடலாம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். மீதியை டீயோடு படியுங்கள்.

நீங்கள் என்னைத் திட்டுவது அநியாயம். சொன்னபடிதான் செய்தேன். மீன்களை விட்டு நிமிர்ந்தேன், பச்சை ரிப்பன் முன்னால் போனது, நானும் போனேன். அது படகில் ஏறியது, நானும் ஏறினேன். படகு கிளம்பிய பிறகுதான் குடை மடங்கியது. அடியில் இருந்தது நீங்கள் இல்லை! எனக்கு உயிரே போய்விட்டது. குதித்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். என் முழியைப் பார்த்து அந்த அம்மாள் ஏதோ கேட்டார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. நான் குடையைக் காட்டி, என்னைக் காட்டி, அழுவதுபோல் நின்றேன். அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அப்புறம் சிரித்தார் பாருங்கள், படகே திரும்பிப் பார்த்தது. குடைத் துணியில் அச்சடித்திருந்த ஆபீஸ் முகவரியைக் காட்டி, பயப்படாதே என்று என் கையைத் தட்டிக்கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

அவர்கள் சுற்றிப்பார்த்த பிறகுதானே என்னைக் கொண்டுபோய் விடுவார்கள்? அதனால் நானும் சுற்றினேன். அக்கரையில் நின்று இக்கரையைப் பார்த்தேன். பாதம் பிடித்துவிட்டார்கள், கூச்சம் தாங்காமல் கத்தினேன். ஸ்டூடியோவில் எனக்குக் கிரீடம் வைத்தார்கள், அந்தப் பெரியவர் மந்திரியாகப் பக்கத்தில் நின்றார். நீங்கள் அந்த நேரமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் பொய் சொல்லமாட்டேன். அன்றைக்கு மாதிரி நான் என் வாழ்க்கையில் சிரித்ததில்லை.

ஏன் என்று திரும்பும் படகில் யோசித்துப் பார்த்தேன். அங்கே யாருக்கும் என்னைப் பார்த்து "பாவம், கல்யாணம் ஆகாதவ" என்று சொல்லத் தோன்றவில்லை. இங்கே உங்கள் பெயரை எடுத்தாலே முதல் வார்த்தை "பாவம்"தான். கடைக்காரர், எதிர்வீடு, நம் வீடு, எல்லோரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைத் தினமும் யார் காதில் வாங்குவது? ஆபீஸ் வாசலில் உங்களைப் பார்த்தேன். தலை கலைந்து, பேப்பர் நசுங்கி, ராணுவத்தளபதி மாதிரி கத்திக்கொண்டு ஓடிவந்தீர்கள். நம் கூடத்தில் நீங்கள் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. உங்களை நான் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று, அடி விழுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். சாப்பிடும்போது எனக்கு எதிரே நீங்கள் உட்காரும் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். பழகிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பெரியண்ணன் பெட்டியைத் தூக்கிப்பார்த்தார். கனம் இருந்தது. முகம் மலர்ந்து, "அவ டாக்ஸியில பின்னால வர்றாளா?" என்றார். நான் பெட்டியைத் திறந்தேன். வீட்டில் எல்லோருக்கும் ரப்பர் செருப்பு, பெரியண்ணிக்குத் தைலம், மேலே கிரீடம் வைத்த என் படம்.

"அண்ணி வரமாட்டாங்க. நான் கூப்பிடவே இல்ல" என்றேன். பெரியண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"சாப்பிடுறாளா? நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்காங்கண்ணா. நம்ம எல்லாரையும்விட நல்லா இருக்காங்க."

"தம்பி கேட்டா என்ன பதில் சொல்றதுன்னுதான்டா..." என்று ஆரம்பித்து அவரால் முடிக்கமுடியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான், அண்ணி. அன்றைக்கு மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். உங்களோடு போனில் பேச்சு வராதது கோபத்தால் இல்லை, இத்தனை நாள் உங்களை வற்புறுத்திய வெட்கத்தால்.

கதை அத்தோடு முடியவில்லை. மறுநாள் அடுப்படியில் பெரியண்ணி என் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் யாருக்கும் கேட்காத குரலில், "அந்தப் பாதம் பிடிக்கிறவங்க முழங்காலும் பிடிப்பாங்களா?" என்றார். நான் அதைக் கொண்டுபோய்ப் பெரியண்ணன் காதில் போட்டேன். அவர் நேற்று ரெண்டு டிக்கெட் எடுத்துவந்து மேஜையில் வைத்தார். அங்கிருந்து இங்கே வர இல்லை. பெரியண்ணியும் நானும் கோடை லீவில் அங்கே வர.

ஒரே ஒரு வேண்டுகோள், அண்ணி. அடைமழையே பெய்தாலும் குடையை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பெரியண்ணி என்னைவிடச் சொன்ன பேச்சு கேட்பவர்.

உங்கள்
வாலு